வாசிக்கப்படாத அறுபத்தொரு பேர்

அத்தியாயம் 9

கம்சாயினியின் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அவள் கோப்பையைக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

முதல்நாள் பின்னேரம் அலுவலகக் கணினியில் கண்ட ஒரு பெயர்தான் காரணம்.

நாரந்தனைக்குப் பக்கத்தில் புதிதாகத் திறக்கப்போகும் நண்டுக் கம்பனியில் ஆட்களைச் சேர்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. நாற்பது இடங்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்திருந்தன. எடுபடாதவர்களுக்கும் மரியாதையாக ஒரு பதில் போகவேண்டும் என்று மனேஜரோடு மூன்று கிழமை வாதாடி வென்றிருந்தாள். வென்றதற்குப் பரிசாக, அந்தக் கடிதங்களை எழுதும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. கடைசியாகத் திறந்த பட்டியலின் நடுவில் அந்தப் பெயர் இருந்தது.

செபமாலை மதலேனா. வயது ஐம்பத்து மூன்று. மண்டைதீவு. விண்ணப்பித்த பதவி: நண்டு உடைக்கும் பகுதி மேற்பார்வையாளர். நிலை: நிராகரிக்கப்பட்டது.

அவளுடைய அம்மா.

"என்ன பிள்ளை, தேத்தண்ணி ஆறுது."

குசினிக்குள்ளிருந்து மதலேனா எட்டிப் பார்த்தாள்.

"குடிக்கிறன் அம்மா."

"உங்கடை கம்பனி இண்டைக்கு மறுமொழி அனுப்புதாமே? பூசைக்குப் போனப்பக் கதைச்சவை."

"ஓம். நாலு மணிக்கு முன்னம்."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்."

"அது நல்லது." மதலேனா ஈரக்கையைச் சீலைத்துணியில் துடைத்தாள். விரல்களில் நண்டு ஓடு கீறிய பழைய தழும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. "பாத்துக்கொண்டு கிடக்கிறதுதான் கேவலம். இல்லையெண்டா இல்லையெண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட வேணும்."

தானும் விண்ணப்பித்ததாக அவள் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை.

நெடுந்தீவிலிருந்து கல்யாணம் முடித்து மண்டைதீவுக்கு வந்தவள் மதலேனா. புருசன் செபமாலை நெஞ்சுவலியில் போனபோது மகனுக்குப் பதினெட்டு, மகளுக்குப் பதினாலு. அன்றிலிருந்து கடற்கரை வாடிக் கொட்டிலில் நண்டு உடைத்தாள். பதினாலு வருசம். போன வருசம் அந்த வாடியை மூடினார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவிர அவள் வீட்டுப் படலையைத் தாண்டிப் போனது குறைவு. மகளின் சம்பளத்தில் சாப்பிடுவதில் அவளுக்கு ஏதோ ஒரு கூச்சம் இருந்தது.

ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கம்சாயினி எழும்பினாள்.

வெளியே அண்ணன் சுபாஸ்கரன் மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்தியிருந்தான். படகு இயந்திரத்துக்குச் சாமான் வாங்க வேலணைக்குப் போகிறான். அவளைக் கம்பனி வரைக்கும் கொண்டுபோய் விடுவதாக முதலே சொல்லியிருந்தான். ஏனென்று அல்லைப்பிட்டி தாண்டியபிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"அம்மான்ரை அப்பிளிகேசன் பாத்தனியோ?"

காற்றில் சரியாகக் கேட்கவில்லையோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

"நான்தான் போனிலை நிரப்பினனான். அவ சொல்லச் சொல்ல அடிச்சனான். உனக்குச் சொல்லப்பிடாதெண்டு மாதா படத்துக்கு முன்னாலை சத்தியம் வாங்கினவ. மகளாலை கிடைச்ச வேலையெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாதாம்."

கம்சாயினி வண்டியின் பின்கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"எடுபட்டிட்டாவோ?"

"இல்லை," என்றாள். சுபாஸ்கரன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இரண்டு பக்கமும் கடல்நீர் வற்றிச் சேறு தெரிந்தது. பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டு கடந்துபோனது.

"அப்ப மாத்திவிடு. உன்ரை கையிலைதானே எல்லாம் கிடக்கு. ஒருக்கா அமத்தினாச் சரி."

"ஏலாது."

"ஏலாதோ, மாட்டியோ?"

"மாட்டன் அண்ணை."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "பதினாலு வருசம் கையெல்லாம் கிழிஞ்சு உன்னைப் படிப்பிச்ச மனிசி. அவவுக்கு வேலை இல்லையெண்டு நீயே இருந்து கடிதம் எழுதப்போறாய். நல்லாயிருக்கு."

"அம்மா களவாக் கிடைச்ச கதிரையிலை இருப்பாவோ? நீங்களே சொல்லுங்கோ."

அவன் முன்பக்கம் திரும்பி வண்டியின் கைபிடியைப் பிடித்தான்.

"ஏன் தள்ளினவை எண்டு எனக்கு இன்னும் தெரியாது. இண்டைக்கு அதைப் பாக்கிறன். பாத்துப்போட்டுச் சொல்லுறன்."

"சொல்லி?"

அவன் வண்டியை உதைத்தான். சரவணை ஊரைத் தாண்டிப் போய்க் கம்பனி வாசலில் நிறுத்தினான். அவளை இறக்கிவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் போனான்.

கட்டிடத்துக்கு வெள்ளை பூசி முடிந்து மணம்கூடப் போகவில்லை. கம்சாயினி கதிரையை இழுத்துப் போட்டுக் கணினியைத் திறந்தாள்.

கொழும்புத் தலைமை அலுவலகம் வாங்கிக் கொடுத்த ஆட்சேர்ப்பு மென்பொருள் அது. விண்ணப்பங்களைப் பிரித்து வைக்கும், நேர்முகத்துக்கு நாள் குறிக்கும், கடைசியில் ஓர் அச்சுக் கடிதத்தை எல்லோருக்கும் ஒரே அடியில் அனுப்பும். கம்சாயினி அந்த அச்சுக் கடிதத்தை ஏற்கவில்லை. முந்நூற்றுப் பதினொரு பேருக்கு இரண்டு கிழமையாகத் தனித்தனியாகத் திருத்தி எழுதியிருந்தாள். குளிரறை வேலைக்கு வந்து மூச்சிழுப்பு என்று சொன்னவனுக்கு ஒரு விதம், கணக்குப் பகுதிக்கு இரண்டாவதாக வந்து தவறவிட்ட பெட்டைக்கு ஒரு விதம். அவையெல்லாம் ஆயத்தமாக இருந்தன.

மிச்சம் அறுபத்தொன்று. அவை தனியாக ஒரு கோப்பில் கிடந்தன. மேலே "தானாக நீக்கப்பட்டவை" என்று இருந்ததை இப்போதுதான் கவனித்தாள். மனேஜர் வாகீசன் வாசித்துத் தள்ளியவை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பக்கத்தில், அது எப்போது யாரால் திறக்கப்பட்டது என்று காட்டும் ஒரு கட்டம் உண்டு. அம்மாவின் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலேயும் வெறுமை. கீழேயும் வெறுமை. அறுபத்தொரு கட்டமும் வெறுமை.

அவள் விதிகளின் பக்கத்துக்குப் போனாள். ஒரே ஒரு வரி இருந்தது.

வயது நாற்பத்தைந்துக்கு மேல்: நீக்கு.

பத்திரிகையில் வந்த விளம்பரத்தை எழுதியவளே அவள்தான். அதில் வயதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரை வரை கம்சாயினி அறுபத்தொன்றையும் வாசித்தாள். சரவணை அன்னப்பிள்ளை, வயது நாற்பத்தொன்பது, நண்டு உடைத்த அனுபவம் பதினொரு வருடம். கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தாள்: "எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும். வேலையில் பிழை வராது." நயினாதீவு மார்க்கண்டு, வயது ஐம்பத்தொன்று. குளிரூட்டி இயந்திரம் ஒன்றைக் கழற்றிப் பூட்டும் விதத்தைத் தன் கையால் படம் கீறி இணைத்திருந்தார். அந்தப் படத்தை அதுவரை கம்பனியில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

அம்மாவினதைக் கடைசியாக விட்டிருந்தாள்.

"ஏன் இந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு அண்ணன் தட்டியிருந்தான்: "இருபது பேர் இருந்து உடைக்கிற மேசையில் ஆருடைய கை வெட்டுப்பட்டது என்று சத்தம் கேட்காமலே எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்த ஒருத்தி மேசைக்கு வேண்டும்." உறவினர் எவராவது இங்கே வேலை செய்கிறார்களா என்ற இடத்தில்: "ஓம். மகள். அவளுக்குத் தெரியாது."

கம்சாயினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, வாகீசனின் அறைக்குப் போனாள்.

வாகீசனுக்கு நாற்பத்திரண்டு வயது. கெட்ட மனிதன் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர். தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் எழும்பி நின்று பேசுவார்.

"சேர், இந்த அறுபத்தொரு பேரின்ரையையும் ஒருத்தரும் வாசிக்கேல்லை."

"ஓம், தெரியும். கொழும்பாலை போட்ட விதி அது. நிண்டு செய்யிற வேலை, இளம் ஆக்கள்தான் வேணுமாம்."

"விளம்பரத்திலை நாங்கள் சொல்லேல்லையே."

"சொன்னா ஆக்கள் கதைப்பினம்."

"ஆனா கடிதத்திலை, 'உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாக வாசித்தோம், உங்களைவிடத் தகுதியானவர்கள் இருந்தார்கள்' எண்டு கிடக்கு."

"அது ஒரு மரியாதைக்குச் சொல்லுறதுதானே. மரியாதையா அனுப்பவேணுமெண்டு நீர்தானே ஒற்றைக்காலிலை நிண்டனீர்?"

"பொய்யை மரியாதையாச் சொன்னா, அது ரெண்டு தரம் பொய் சேர்."

வாகீசன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கம்சாயினி, நான் படிச்சு முடிச்சு இருபத்தாறு இடத்துக்கு எழுதினனான். ஒருத்தரும் ஒரு வரி போடேல்லை. அதுக்காக நான் செத்துப்போகேல்லை."

"இருபத்தாறு எண்டு இண்டைக்கும் ஞாபகம் வைச்சிருக்கிறியள்."

அவர் அவளைப் பார்த்துவிட்டுப் பார்வையை யன்னல் பக்கம் திருப்பினார்.

"இன்னொண்டும் நான் சொல்லவேணும் சேர். பிறகு மறைச்சனான் எண்டு இருக்கக்கூடாது. அதிலை என்ரை அம்மாவும் இருக்கிறா."

வாகீசன் கண்ணாடியைத் திரும்ப எடுத்துப் போட்டார். அவருடைய குரல் இளகியது.

"இதை நீர் முதலே சொல்லியிருக்கலாமே. சரி, இப்பிடிச் செய்வம். அம்மான்ரை பேரை நான் எடுத்து நேர்முகத்துக்குப் போடுறன். அனுபவம் இருக்கெண்டு கொழும்புக்கு நானே சொல்லுவன். மற்ற அறுபது பேருக்கும் உள்ள கடிதத்தை அப்பிடியே அனுப்பும். நாலு மணிக்கு முன்னம் அலுவல் முடிஞ்சிடும்."

ஒரு கணம் கம்சாயினிக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன்? அம்மா வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு மேசையின் தலைமாட்டில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. ஓம் என்றால் போதும். அண்ணனும் திரும்பக் கதைப்பான். வீடும் சிரிக்கும்.

கூடவே அன்னப்பிள்ளையின் வரியும் வந்தது.

"வேண்டாம் சேர்."

"என்ன?"

"அறுபத்தொரு பேரும் ஒண்டுதான். என்ரை அம்மாவைத் தூக்கி வைச்சுப்போட்டு மற்றவைக்குப் பொய் எழுதேலாது."

"அப்ப அனுப்ப மாட்டீரோ?"

"அனுப்புவன். உண்மையை அனுப்புவன்."

"அனுப்பினா உம்மடை வேலைக்கு நான் பொறுப்பில்லை."

"நான் பொறுப்பு," என்றாள். அறையை விட்டு வெளியே வந்து நேரே தன் கணினிக்குப் போனாள்.

அச்சுக் கடிதத்தை முழுவதும் அழித்தாள். வெறும் திரையில் முதலில் இருந்து எழுதினாள். இரண்டு தரம் அடித்துத் திருத்தி, கடைசியில் இப்படி வந்தது.

"மதிப்புக்குரியீர்,

உங்கள் விண்ணப்பம் எங்களுக்குக் கிடைத்தது. இந்த வேலை உங்களுக்குத் தரப்படவில்லை.

அதற்குக் காரணம் உங்கள் திறமையோ அனுபவமோ அல்ல. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய விண்ணப்பங்களும், ஒருவராலும் வாசிக்கப்படாமலே, கணினியால் நீக்கப்பட்டன. அப்படி ஒரு வயதெல்லை இருப்பதாக விளம்பரத்தில் நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இன்று காலை உங்கள் விண்ணப்பத்தை நான் முழுவதும் வாசித்தேன். முடிவை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால், வாசிக்காத ஒன்றை வாசித்ததாக உங்களுக்கு எழுத என்னால் இயலாது. உங்கள் நேரத்தையும் நம்பிக்கையையும் எங்களுக்குத் தந்தீர்கள். அதற்கு இப்படி ஒரு பதில் கிடைத்ததற்காக வருந்துகிறேன்.

செ. கம்சாயினி
ஆட்சேர்ப்புப் பிரிவு"

அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அவரவருக்கு ஒரு வரி சேர்த்தாள். மார்க்கண்டுவுக்கு அவர் கீறிய படத்தைப் பற்றி. அன்னப்பிள்ளைக்கு, எழுத்திலும் பிழை இல்லை என்று. மத்தியானச் சாப்பாட்டை அவள் திறக்கவில்லை. மூன்று மணியாகும்போது அறுபது முடிந்திருந்தது.

அறுபத்தோராவதற்கு முன் தொலைபேசியை எடுத்தாள்.

"அம்மா."

"என்ன பிள்ளை இந்த நேரத்திலை?"

"உங்கடை விண்ணப்பத்தைப் பாத்தனான்."

மறுமுனையில் எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

"சுபாஸ் சொன்னவனோ?"

"இல்லை, நானாத்தான் கண்டனான். அம்மா, எடுபடேல்லை. வாசிக்காமலே தள்ளியிருக்கினம். வயசு கூடவெண்டு. உங்களை மாதிரி அறுபத்தொரு பேர்."

"வாசிக்காமலோ?" மதலேனாவின் குரல் தாழ்ந்து, பிறகு ஏறியது. "ஒரு வரியும் வாசிக்காமலோ?"

"ஓம் அம்மா. மனேஜர் உங்களை மட்டும் நேர்முகத்துக்கு எடுக்கிறன் எண்டவர். நான் வேண்டாமெண்டிட்டன்."

"பின்னை?" என்றாள் மதலேனா. "ஓமெண்டு சொல்லியிருந்தா வீட்டுக்குள்ளை விட்டிருக்க மாட்டன். மற்றவைக்கு என்ன அனுப்புறியோ, எனக்கும் அதை அனுப்பு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"என்னை வேலையாலை நிப்பாட்டுவினம் போலை."

"நிப்பாட்டினா வா. நண்டு உடைக்கத் தெரியுந்தானே உனக்கு?"

கம்சாயினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தொலைபேசியை வைத்துவிட்டு அம்மாவின் கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுதினாள்: "மேசையைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன்."

மூன்றேகாலுக்கு அனுப்பும் பொத்தானை அமத்தினாள். முந்நூற்றுப் பதினொன்றும் போயின. அறுபத்தொன்றும் போயின. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குக் கைபேசிக்கே போனது.

பத்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. சரவணை அன்னப்பிள்ளையிடமிருந்து.

"வாசிக்கேல்லை எண்டு உண்மையைச் சொன்னதுக்கு நன்றி மகள். இப்ப வாசிக்கச் சொல்லுங்கோ."

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒருவர் ஏசியிருந்தார். ஒருவர் பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பி, "நாற்பத்தைந்து முடிஞ்சு பத்து நாள்தான்" என்று எழுதியிருந்தார். மற்ற எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே சொல்தான் இருந்தது. வாசியுங்கோ.

நாலேகாலுக்குப் பன்னிரண்டாவது பதிலைத் திறக்கும்போது திரை உறைந்தது. உங்கள் அனுமதி நீக்கப்பட்டுள்ளது என்று காட்டியது.

வாகீசன் வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. "கொழும்பிலை கடிதத்தைக் கண்டிட்டுப் போன் எடுத்தவை. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு டிரெக்டர் இஞ்சை வாறார். அதுவரைக்கும் நீர் ஒண்டிலையும் கை வைக்கக்கூடாதாம். சாமானை எடுத்துக்கொண்டு போம்."

"நாளைக்கு நான் வரலாமோ?"

"வரச் சொல்லித்தான் சொன்னவர்." அவர் தயங்கினார். "எதுக்கெண்டு உமக்குத் தெரியுந்தானே."

அந்த நேரம் காவலாளி ஓடிவந்தான். வாசலில் ஆட்கள் நிற்கிறார்களாம்.

கம்சாயினி வாகீசனுக்குப் பின்னால் நடந்தாள். இரும்புக் கதவுக்கு வெளியே, வெயிலில், அம்மா நின்றாள். கோயிலுக்கு உடுக்கும் நாவல்நிறச் சீலை உடுத்திருந்தாள். பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி மெலிந்த ஒருத்தி நின்றாள். கையில் இருந்த கைபேசித் திரையில் கம்சாயினியின் கடிதம் திறந்திருந்தது. அன்னப்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும். அவர்களுக்குப் பின்னால் வேறு நான்கு பேர். கொஞ்சம் தள்ளி, அம்மாவை ஏற்றிவந்த மோட்டார் சைக்கிளில் இருந்தபடி, சுபாஸ்கரன்.

"ஆர் இவை?" என்றார் வாகீசன், தெரிந்துகொண்டே.

"நாங்கள் வேலை கேட்டு வரேல்லை, தம்பி," என்றாள் மதலேனா. சத்தம் போடவில்லை. "வேலை தாறதும் தராததும் உங்கடை விருப்பம். நாங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டு இல்லையெண்டு சொல்லுங்கோ. அதைக் கேக்கத்தான் வந்தனாங்கள்."

"அம்மா, எனக்கு அதிகாரம் இல்லை," என்றார் வாகீசன். "நாளைக்கு ஒன்பது மணிக்கு டிரெக்டர் வாறார்."

"நல்லதாப் போச்சு. அவரே வாசிக்கட்டும். நாங்கள் எட்டரைக்கு இஞ்சை நிப்பம்."

"நாங்கள் எண்டா, இந்த ஆறு பேருமோ?"

மதலேனா அன்னப்பிள்ளையைப் பார்த்தாள். அன்னப்பிள்ளை கைபேசியை உயர்த்திக் காட்டினாள். "இப்ப எல்லாரும் ஆளுக்காள் போன் எடுத்துக்கொண்டிருக்கினம் சேர். நயினாதீவு ஆக்கள் முதல் படகிலை வருகினமாம்."

வாகீசன் கதவைப் பிடித்தபடி நின்றார். பெயர் குறிக்கப்போகிறவர்போலச் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார், திரும்பவும் வைத்தார். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் யாருக்குத் தொலைபேசி எடுக்கப்போகிறார் என்று கம்சாயினிக்குத் தெரியவில்லை.

அவள் கதவைத் தாண்டி வெளியே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். மதலேனா மகளின் தோள்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

சுபாஸ்கரன் வண்டியை விட்டு இறங்கி வந்தான். தங்கச்சியின் முகத்தை நேரே பார்க்க அவனுக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கைபேசியைக் காதில் வைத்து, வேலணையில் வான் ஓட்டும் கூட்டாளியோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நாளைக்கு எல்லாரையும் ஏத்த ஒரு வான் காணுமோ எண்டு கேக்கிறான்."

"காணாது," என்றாள் மதலேனா. "ரெண்டு சொல்லு."